பில்டருக்குள் இறங்கும் தண்ணீர்

திருப்பூரில் ஒரே தெருவில், ஒரே கடையில், ஒரே நாளில் அரைத்து வாங்கிய காபித்தூள் இரண்டு வீட்டில் இரண்டு ருசியாக இருக்கும். மாடி வீட்டில் டிகாஷன் மணக்கும். கீழ் வீட்டில் அதே தூள் கறுப்பாகத்தான் இறங்கும், ஆனால் நாக்கில் நிற்காது. உடனே பழி கடைக்காரர் மேல் விழும். "போன வாரம் மாதிரி இல்லீங்க, சிக்கரியைக் கூட்டிட்டீங்களாட்ட இருக்குது" என்று கேட்பார்கள். அவர் இல்லையென்று சொன்னால் பழி பில்டருக்குப் போகும். பழைய பில்டரைப் பரணில் ஏற்றிவிட்டுப் புதியது வாங்குவார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சில ஆயிரங்கள் கொடுத்து மின்சாரக் காபி மேக்கர் ஒன்று சமையல் மேடைக்கு வந்து சேரும். இத்தனை செலவுக்குப் பிறகும் யாரும் சந்தேகப்படாத ஒன்று உண்டு: தண்ணீர். எவ்வளவு திக்கான டிகாஷனை எடுத்தாலும் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

தண்ணீரைப் பற்றிப் பேசத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். அதற்கு முன் பில்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பில்டர் மிக எளிமையான கருவி. அடியில் ஊசித் துளைகள் போட்ட மேல் பாத்திரம், தூளின்மேல் வைக்கும் குடை, கீழ்ப் பாத்திரம், மூடி. மின்சாரமும் கிடையாது, வால்வும் கிடையாது. 1800-ஐ ஒட்டிப் பிரான்சில் புழக்கத்துக்கு வந்த இரண்டடுக்குச் சொட்டுக் கலங்களும், வியட்நாம்காரர்கள் இன்றும் பயன்படுத்தும் ஃபின்னும் இதே குடும்பம்தான். வடிகட்டுவது அந்தத் துளைகள் என்று நினைக்கிறோம். உண்மையில் துளையைவிடச் சிறிய துகள்கள் தூளில் ஏராளமாக உண்டு. முதலில் விழும் சில சொட்டுகள் கலங்கலாக இருப்பது அதனால்தான். சற்று நேரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று தோள்கொடுத்துத் துளைகளின் மேல் நின்றுகொள்ளும். அதன்பிறகு வடிகட்டும் வேலையைத் தூள் படுகையே பார்த்துக்கொள்கிறது.

படுகை வழியாகத் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு ஒரு விதி உண்டு. பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீரை விட்டு அளந்து, 1856-இல் அதை வெளியிட்டார். நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று கணக்கிட இன்றும் அந்த விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பில்டரும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் கூடினால் ஓட்டம் கூடும், படுகையின் தடிமன் கூடினால் ஓட்டம் குறையும். எல்லாவற்றையும்விட முக்கியமானது துகளின் பருமன். துகள் பாதியாகச் சிறுத்தால் நீர் புகும் திறன் பாதியாகக் குறைவதோடு நிற்காது, நான்கில் ஒன்றாகிவிடும். வீட்டு மிக்ஸியில் கொட்டையை அரைத்தவர்களின் பில்டர் அடிக்கடி அடைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். மிக்ஸியின் பிளேடு வெட்டித் தள்ளுகிறது. ஒரு பக்கம் ரவையும் இன்னொரு பக்கம் மாவும் வந்து சேர்கிறது. கடை மில்லில் இரண்டு தகடுகளுக்கு இடையே அரைபடும் தூள் ஓரளவுக்கு ஒரே பருமனாக இருக்கும். மாவு போன்ற நைசுத் தூள் தண்ணீரோடு கீழே நகர்ந்து, துளைகளுக்கு மேல் அடைத்துக்கொள்ளும்.

குடையின் வேலையையும் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதை வைத்து அமுக்கு அமுக்கு என்று அமுக்குவார்கள். தூளைச் சமமாகப் பரப்பி லேசாக அழுத்தினால் போதும். மேலிருந்து விழும் கொதிநீர் படுகையில் பள்ளம் பறித்து, அந்த ஒரே வழியில் ஓடிவிடாமல் தடுப்பதுதான் குடையின் முதல் வேலை. பள்ளம் விழுந்தால் அந்த இடத்துத் தூள் அளவுக்கு மீறிக் கரையும், மற்ற இடத்துத் தூள் நனைந்ததோடு சரி. கசப்பும் தண்ணித்தன்மையும் ஒரே டம்ளரில் சேர்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வீடுதோறும் நடக்கும் ஒரு காரியம். ராத்திரி பில்டர் போட்டு வைத்தால் விடிந்தும் டிகாஷன் இறங்கியிருக்காது. மேல் பாத்திரத்தில் தண்ணீர் அப்படியே நிற்கும். துளை அடைத்துவிட்டது என்று எண்ணி மேல் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தால் அந்தக் கணமே சொட்ட ஆரம்பிக்கும். துளை அடைக்கவே இல்லை. அடைபட்டது காற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மேல் பாத்திரத்தில் தண்ணீர் 8 செ.மீ. உயரத்துக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கொடுக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 0.8 சதவீதம்தான். கீழ்ப் பாத்திரத்தில் இருக்கும் காற்று 200 மில்லி. இரண்டு பாத்திரங்களும் சந்திக்கும் விளிம்பில் ஈரம் படிந்து காற்றுப் புகாமல் இறுகிக்கொண்டால், உள்ளே விழும் ஒவ்வொரு சொட்டும் அந்தக் காற்றைச் சுருக்க வேண்டும். 200 மில்லியில் 0.8 சதவீதம் என்பது 1.6 மில்லி, அதாவது முப்பது சொட்டுக்கு அக்கம்பக்கம். அவ்வளவு விழுந்ததும் கீழிருக்கும் காற்றின் அழுத்தம் மேலிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகிவிடும். சொட்டு நின்றுபோகும். போதாக்குறைக்குக் கீழே விழும் டிகாஷன் சூடானது. அது காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று விரிகிறது. வெறும் 3 டிகிரி சூடு ஏறினாலே காற்று ஒரு சதவீதம் விரியும். அது ஒன்றே சொட்டை நிறுத்தப் போதுமானது.

பாட்டிகள் பில்டரை லேசாகத் தட்டுவதும், மேல் பாத்திரத்தை ஒரு திருகு திருகி வைப்பதும் இந்தக் காற்றுக்கு வழிவிடத்தான். புதிதாக வாங்கிய, கச்சிதமாகப் பொருந்தும் பில்டர்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். பழசான, விளிம்பு சற்று நெளிந்த பில்டர் சீராக இறங்கும். பில்டர் வாங்கப் போகிறவர்கள் இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்காமல், கொஞ்சம் தளர்வாக உட்காருகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இந்த அழுத்தக் கணக்கை வைத்தே இன்னொன்றையும் சொல்லிவிடலாம். ஓட்டல்களில் இருக்கும் எஸ்பிரஸோ இயந்திரம் 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தூள் வழியே தள்ளுகிறது. அது 90 மீட்டருக்கும் அதிக உயரமான தண்ணீர்த் தூணின் அழுத்தம். நம் பில்டரின் 8 செ.மீ. தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அதனால் அங்கே அரை நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இங்கே அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகிறது. அழுத்தம் இல்லாத குறையை நேரம் ஈடுகட்டுகிறது.

அந்த நேரத்தில் என்ன கரைகிறது? வறுத்த காபியில் தண்ணீரில் கரையக்கூடியது 100 கிராமுக்கு 30 கிராம் அளவுதான். மீதி நார். அந்த முப்பதையும் வழித்து எடுத்துவிட்டால் காபி நன்றாக இருக்காது. 1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்வுகளின் வழியே வந்த கணக்குப்படி, 18 முதல் 22 கிராம் வரை கரைந்தால் ருசி சரியாக அமையும். புளிப்பும் மணமும் தரும் பொருள்கள் முதலில் இறங்குகின்றன, இனிப்புச் சாயல் அடுத்து வருகிறது, கசப்பும் துவர்ப்பும் கடைசியில். இரண்டாம் டிகாஷனில் நிறம் இருந்தும் மணம் இல்லாமல் போவது இந்த வரிசையால்தான். முதல் டிகாஷன் குறைந்துவிட்டது என்று இரண்டாவதைச் சரிபாதி கலப்பது, நல்ல காபியை நாமே கெடுத்துக்கொள்வது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சிறிது ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்று வெளிநாட்டுக் காபிப் புத்தகங்கள் சொல்லும். பில்டருக்கு அது தேவையில்லை. திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும், குளிர்ந்திருக்கும் எவர்சில்வர் பாத்திரமும் தூளும் சூட்டை வாங்கிக்கொள்ளும். தூளை நனைத்து நிற்கும்போது 90 டிகிரியை ஒட்டி வந்துவிடும். நம் வீடுகளில் தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றுகிற பழக்கம் அறிவியல்படி சரியானதே.

சிக்கரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு செடியின் வேர். அதிலுள்ள இன்யூலின் என்ற சர்க்கரைத் தொடர் வறுபடும்போது கருகிப் பழுப்பாகி, நிறமும் கெட்டித்தன்மையும் தருகிறது. காபியில் மூன்றில் ஒரு பங்குகூடக் கரையாது. வறுத்த சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். டிகாஷன் திக்காகத் தோன்றுவது அதனால்தான், காஃபீன் கூடியதால் அல்ல. சிக்கரியில் காஃபீனே கிடையாது. காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். சொல்லிவிட்டுக் கலக்கும் சிக்கரியைக் கலப்படம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 80க்கு 20 கலவையில் பாலோடு சேரும்போது வரும் நிறைவு தனிக் காபியில் வராது.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

திருப்பூரின் சாயப்பட்டறையில் நடப்பதைத் தலைகீழாகத் திருப்பினால் அது காபி. அங்கே தண்ணீரில் இருக்கும் சாயம் நூலுக்குள் போக வேண்டும். இங்கே தூளுக்குள் இருக்கும் சாயமும் மணமும் தண்ணீருக்கு வர வேண்டும். இரண்டிலும் சூடு, நேரம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஆகிய மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இதில் பட்டறைக்காரர் மூன்றையும் அளக்கிறார். வீட்டில் நாம் ஒன்றையும் அளப்பதில்லை.

பருத்தி தண்ணீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறும். பனியன் துணிக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கலைத் தணிக்கத்தான் சாயக் குளியலில் உப்பைக் கொட்டுகிறார்கள். கருஞ்சாயத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போகும். சாயம் துணியில் தங்கிவிடுகிறது, உப்பு தங்குவதில்லை. பல ஆண்டுகள் அந்த உப்பு நொய்யல் ஆற்றுக்கும், அங்கிருந்து கிணறுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகுதான் கழிவுநீரை ஆர்.ஓ.வில் சுத்திகரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு ஊர் வழக்கமாயிற்று.

கிணற்று நீரின் கரகரப்புக்குச் சாயத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நாடு இது. மழை குறைவு, வெயில் கடுமை, அடியில் கடும்பாறை. மண்ணில் ஆங்காங்கே சுண்ணாம்பு வேறு. கோவைப் பக்கம் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தான். போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும் இயல்பாகவே அதிகம். அதைத்தான் இங்கே சப்பைத் தண்ணீர் என்கிறார்கள். இதற்கு நேர்மாறு ஆற்றுத் தண்ணீர். நீலகிரி மழையில் நனைந்து இறங்கும் பவானியிலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம் எடுத்து வருவது ஒரு வழி. 2000-களின் மத்தியில் வந்த, நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் கொள்ளளவுள்ள திட்டத்தில் பவானி ஊருக்கருகே காவிரியில் எடுத்துக் குழாயில் கொண்டுவருவது இன்னொரு வழி. இது போக லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர். ஒரே வீட்டு அடுக்களையில் மூன்று குடங்களில் மூன்று விதத் தண்ணீர் இருப்பது திருப்பூரில் சாதாரணம். எந்தக் குடத்திலிருந்து பில்டருக்கு மொண்டார்கள் என்பதில்தான் அன்றைய காபி இருக்கிறது.

காபிக்குக் கெடுதல் செய்வது தண்ணீரின் கடினத்தன்மை என்று பொதுவாகச் சொல்வார்கள். முழு உண்மை அதுவல்ல. பாத் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும், காபிக்கடைக்காரர் மேக்ஸ்வெல் கொலோனா-டாஷ்வுட்டும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மக்னீசிய அயனிகள் காபியின் மணப்பொருள்களோடு பிணைந்து அவை கரைந்து வர உதவுகின்றன. கால்சியம் அதைவிடக் குறைவாக உதவுகிறது, சோடியம் ஏறக்குறைய உதவுவதே இல்லை. ஆகவே ஓரளவு கடினத்தன்மை காபிக்கு நல்லது. கெடுப்பது பைகார்பனேட். அதன் வேலையே அமிலத்தை முறிப்பது. காபியின் உயிரோட்டம் அதன் மெல்லிய புளிப்பில் இருக்கிறது. பைகார்பனேட் மிகுந்த தண்ணீர் அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். மிஞ்சுவது கறுப்பும் கசப்பும்.

தண்ணீரில் கரைந்த திடப்பொருளைக் காட்டுவதாகச் சொல்லப்படும் டிடிஎஸ் மீட்டர் இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது. ஆர்.ஓ. விற்க வருபவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பேனா அளவுக் கருவியை எடுத்துத் தண்ணீரில் நனைத்ததும் ஓர் எண் வரும். அதைக் கண்டு நாம் பயந்துபோவோம். அது அளப்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை மட்டும். எந்த உப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருப்பது விரும்பத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். காபிக்கு உலக அளவில் சொல்லப்படும் இலக்கு 150-ஐ ஒட்டியது. ஆர்.ஓ. கருவியை முழுவீச்சில் வைத்து 20, 30-க்கு இறக்கிவிட்டால் காபி மெலிந்துபோகும். மணத்தை இழுத்துவர அந்தத் தண்ணீரில் மக்னீசியமும் இருக்காது, கால்சியமும் இருக்காது. போர்வெல் நீர் 900, ஆர்.ஓ. நீர் 30 என்றால், ஒரு பங்கு போர்வெல் நீருக்கு ஆறு பங்கு ஆர்.ஓ. நீர் சேர்த்தால் 150-க்கு அருகில் வரும். போர்வெல் நீர் குடிக்கத் தகுந்ததாக இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். ஆற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். அதையே காபிக்கென்று தனியாகப் பிடித்து வையுங்கள்.

சப்பைத் தண்ணீரைத் தவிர வேறில்லை என்றால் எளிய வழி ஒன்று உண்டு. தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து வைத்துவிடுங்கள். கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரியமில வாயு பறந்து, சுண்ணாம்பு வெள்ளைப் பொடியாகக் கீழே படியும். தெளிந்த நீரை மட்டும் இறுத்து, மறுபடி சூடாக்கிப் பில்டரில் ஊற்றுங்கள். ஒரே கொதியில் கடினத்தன்மையில் ஒரு பகுதியும் பைகார்பனேட்டில் பெரும் பகுதியும் போய்விடும். குளோரைடும் சல்பேட்டும் இதற்கு அசையாது. கரிக்கிற தண்ணீர் கொதித்தாலும் கரிக்கத்தான் செய்யும்.

அடுக்குமாடிகளில் மென்னீர் இயந்திரம் வைக்கிறார்கள். சாயப்பட்டறைகளிலும் இதுவே பெரிய அளவில் இருக்கிறது. கால்சியம் சாயத்தோடு சேர்ந்து துணியில் திட்டுத் திட்டாகப் படியாமலிருக்க அங்கே அது அவசியம். அந்த இயந்திரத்தின் பிசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுக்கொடுக்கிறது. பைகார்பனேட் அப்படியே நிற்கும். குளிக்கவும் துவைக்கவும் அருமையான தண்ணீர், காபிக்கு ஆகாது. மணத்தை இழுக்கும் அயனி போய், புளிப்பை முறிக்கும் அயனி மிஞ்சுகிறது. சோடியம் பைகார்பனேட் கலந்த நீர் தூள் படுகையில் மிக மெதுவாக இறங்கும் என்பதும் பழைய ஆய்வுகளில் கண்ட உண்மை. மென்னீர் வந்த பிறகு டிகாஷன் இறங்கத் தாமதமாகிறது என்பவர்கள் பில்டரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் நடுவே பில்டருக்கு ஒரு பலம் இருக்கிறது. நாம் 30 கிராம் தூளுக்கு 150 மில்லி தண்ணீர் ஊற்றுகிறோம், அதாவது ஐந்து மடங்கு. மேல்நாட்டுச் சொட்டு முறையில் தூளைப் போலப் பதினைந்து, பதினாறு மடங்கு தண்ணீர். ஒரு கிராம் தூளின்மேல் பாயும் பைகார்பனேட் நம் முறையில் மூன்றில் ஒரு பங்குதான். சப்பைத் தண்ணீர் ஊரில் கறுப்புக் காபியைவிடப் பில்டர் காபி தப்பிப் பிழைப்பதற்கு இது பெரிய காரணம். மீதிக் குறையைப் பால் மூடிவிடுகிறது.

மின்சாரக் காபி மேக்கருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1954-இல் ஜெர்மனியில் வந்த விகோமாட்டிலிருந்து இன்றைய மலிவான இயந்திரங்கள் வரை அடிப்படை மாறவில்லை. பெரும்பாலானவற்றில் பம்பே கிடையாது. தொட்டித் தண்ணீர் ஒரு மெல்லிய குழாய் வழியே சூடேற்றியைச் சுற்றி வரும். அங்கே கொதித்து எழும் குமிழிகளே தண்ணீரை மேலே தூக்கித் தூளின்மேல் ஊற்றுகின்றன. கொதிக்கும் இடம் விரலளவுகூட இல்லாத அந்தக் குழாய்தான் என்பதால், சுண்ணாம்பு முழுவதும் அதற்குள்ளேயே படிகிறது. சுண்ணாம்புப் படிவு வெப்பத்தை மோசமாகக் கடத்தும். சூடேற்றி மேலும் மேலும் சூடாகும், தண்ணீரோ போதுமான சூட்டோடு வராது. இயந்திரம் உறுமத் தொடங்குவதும், தண்ணீரைவிட ஆவி அதிகமாக வருவதும், பாதித் தண்ணீர் தொட்டியிலேயே நின்றுவிடுவதும் இதன் அறிகுறிகள். வாங்கிய ஓராண்டுக்குள் பழுது என்று தூக்கிப்போடப்படும் கருவிகளில் பலவற்றுக்குத் தேவைப்பட்டது ஒரு கழுவல் மட்டும்தான்.

அதே இயந்திரத்தின் சூட்டுத் தட்டில் டிகாஷனை மணிக்கணக்கில் வைத்திருப்பதும் கெடுதல். சூட்டிலேயே இருக்கும் காபியில் குளோரோஜெனிக் அமிலத்தின் வழிவந்த சேர்மங்கள் சிதைந்து அமிலங்களாகும். புளிப்பும் கசப்பும் முரட்டுத்தனமாக ஏறும். நம் வீடுகளில் டிகாஷனை அடுப்பில் வைக்கக் கூடாது, கொதிக்கும் பாலைத்தான் அதில் ஊற்ற வேண்டும் என்பார்கள். அந்தக் கண்டிப்பு முழுக்க முழுக்கச் சரி.

இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி 1933-இல் கொண்டுவந்த மோக்கா பாட்டும் இப்போது நம் வீடுகளுக்கு வருகிறது. அதன் கீழ்க் கலத்தில் பக்கவாட்டில் பித்தளையில் ஒரு சிறு பாதுகாப்பு வால்வு இருக்கும். சப்பைத் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து அது இறுகிவிடும். நடுவிலிருக்கும் ஊசி அசைகிறதா என்று மாதம் ஒருமுறையாவது அமுக்கிப் பாருங்கள். இது ருசி விஷயமல்ல, உயிர் விஷயம். அலுமினிய மோக்கா பாட் இண்டக்ஷன் அடுப்பில் வேலை செய்யாது என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் வேண்டும். சமையல் வினிகரைச் சரிபாதி தண்ணீரோடு கலந்து ஒருமுறை இயந்திரத்தில் ஓட்டி, பிறகு வெறுந்தண்ணீரை இரண்டு மூன்று முறை ஓட்டினால் போதும். எலுமிச்சை உப்பும் இதே வேலையைச் செய்யும். பில்டரின் மேல் பாத்திரத்தை அந்தக் கரைசலில் ஊறப்போட்டுத் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தவை கண் திறந்திருக்கும். திருப்பூரில் ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. சாயப்பட்டறைக்கு வரும் அசிட்டிக் ஆசிடும் வினிகரும் ஒன்றுதானே என்று கேனிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வேதிப்பொருள் ஒன்றுதான். வினிகரில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்கு, கேனில் இருப்பதோ தோலைச் சுடும் அடர்த்தி, உணவுத் தரமும் அல்ல. பாத்ரூம் கழுவும் ஆசிடைப் பில்டரில் ஊற்றினால் அதன் குளோரைடு எவர்சில்வரையே அரிக்கும். எந்த ஆசிடையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

பனியன் ஊர் என்பதால் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில்டர் இல்லாத வீட்டிலும் டீக்கடையிலும் துணியில்தான் வடிகட்டுகிறோம். இங்கே வீணாகும் பனியன் துணி மலிந்து கிடப்பதால் அதையே எடுத்துப் பயன்படுத்துவோர் உண்டு. பின்னல் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. ஈரமும் பாரமும் சேர்ந்தால் கண்ணிகள் இழுபட்டு வாய் திறக்கும். தூள் கீழே வந்துவிடும். நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். நனைந்த பருத்தி உப்பி, இடைவெளி இன்னும் சுருங்கும். எனவே காபிக்குப் பல்லடம் விசைத்தறியில் வரும் காடாத் துணிதான் சரி. பாவு நூலில் ஏற்றிய கஞ்சி போக இரண்டு முறை கொதிக்க வைத்து அலசிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். சாயமோ வெளுப்போ ஏறிய துணி எதுவும் வேண்டாம்.

காகித வடிகட்டிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, மகனின் பள்ளி நோட்டிலிருந்த உறிஞ்சுதாளை எடுத்து 1908-இல் உருவாக்கியது அது. காபியின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. அது ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும். தூளைப் போட்டுக் கொதிக்க வைக்கும் முறையில் அது மிக அதிகம் வரும். காகிதம் அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். காகிதம் இல்லாத எந்த முறையிலும் கொஞ்சமாவது டம்ளருக்கு வரத்தான் செய்யும். கொழுப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் பில்டரின் அடியில் வட்டமாக வெட்டிய காபிக் காகிதம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். இறங்கச் சற்று நேரமாகும், ருசியில் கொஞ்சம் எண்ணெய்ப்பசை குறையும். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

புதிய இயந்திரம் வாங்கக் கிளம்பும் முன் வாசகர்கள் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கும் ஒருவர் நம் எல்லோருடைய உறவிலோ தெருவிலோ இருப்பார். வீட்டில் காபிக்குப் பயன்படுத்தும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அவரிடம் கொடுங்கள். "கடினத்தன்மையும் காரத்தன்மையும் பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று கேளுங்கள். காரத்தன்மை எண்தான் பைகார்பனேட் எவ்வளவு என்று காட்டிக்கொடுக்கும். கடினத்தன்மைக்கு அவர் தண்ணீரில் எரியோகுரோம் பிளாக் டி என்ற கறுப்புப் பொடியைச் சிட்டிகை போடுவார். தண்ணீர் ஒயின் சிவப்பாகும். பிறகு ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். கால்சியமும் மக்னீசியமும் முழுவதும் பிடிபட்ட கணத்தில் சிவப்பு மறைந்து தெளிந்த நீலம் வரும். அந்தக் கறுப்புப் பொடியும் கம்பளி நூலுக்கு ஏற்றுகிற ஒரு சாயம்தான். பத்து நிமிட வேலை. கடினத்தன்மையைவிடக் காரத்தன்மை எண் கூடுதலாக வந்தால், அந்தத் தண்ணீரைப் பில்டருக்கு ஊற்றாதீர்கள்.